கவுலில் எழுதாமல் விட்டவை

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் கூடும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க என்னை அழைத்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். இத்துறையில் என்னைவிட ஆழமாக உழைத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் சற்றே படபடப்பும் இருக்கிறது.

உள்ளூர் வளர்ச்சி அமைப்புகள் தொழில் திட்டங்களை எப்படி ஈர்க்கின்றன, எப்படி நிர்வகிக்கின்றன என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1965இல் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ, 1970இல் சிறுதொழில்களுக்கான சிட்கோ, 1971இல் தொழிற்பூங்காக்கள் அமைக்கும் சிப்காட், 1978 முதல் மாவட்டத் தொழில் மையங்கள், 1992இல் முதலீட்டை ஈர்ப்பதற்கென அமைந்து இன்று ‘கைடன்ஸ்’ என்று நாம் அழைக்கும் நிறுவனம், 2018இல் ஒற்றைச் சாளரச் சட்டம் என்ற வரிசை உங்களுக்கு மனப்பாடம். அயர்லாந்து 1949இலும் சிங்கப்பூர் 1961இலும் இதற்கென்றே தனி அமைப்பு நிறுவிய கதையை நாளைய கட்டுரைகள் விரித்துரைக்கும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த வரலாற்றை 1965இல் தொடங்கும் வழக்கத்தோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு. என் நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே எடுத்துக்கொள்கிறேன், பொறுத்தருள்க.

1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தம் பெயரால் ஒரு புதுப் பட்டணம் எழுப்பிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். கடல் வாணிகத்துக்கென்று ஓர் அரசு திட்டமிட்டுக் கட்டிய ஊர் அது. 1608இல் அதே செஞ்சி அரசு கடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரருக்கு இடம் கொடுத்தது. போர்த்துக்கீசியர் சும்மா இருக்கவில்லை. அவர்கள் நெருக்கவே அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 1639இல் வந்தவாசிச் சீமையின் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கொடுத்தபோது, கோட்டை கட்டித் தருவதாகவும் துறைமுகச் சுங்கத்தில் பாதியை விட்டுக்கொடுப்பதாகவும் பேச்சு. கோட்டைச் செலவு யாருடையது என்பதில் பிற்பாடு தகராறு வந்து, கடைசியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் கட்டியது.

இவையெல்லாம் அன்றைய தொழிற்கொள்கையே என்று நான் முன்பு எழுதியபோது நண்பர் ஒருவர் மறுப்பு எழுதினார். மன்னர் தந்த சலுகையைத் தொழிற்கொள்கை என்று அழைப்பது காலப்பிழை என்பது அவர் வாதம். அவர் இந்த அரங்கில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவர் புலமையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. இத்தகைய சலுகைகளை ஆட்சியாளர் எழுதிக்கொடுத்த கவுல் என்ற ஆவணத்தில் நிலம் இருக்கிறது, வரிக்கழிவு இருக்கிறது, பாதுகாப்பு உறுதி இருக்கிறது, பக்கத்து ஆட்சியாளரிடம் வணிகர் போய்விடக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது. முத்திரைத்தாள் கட்டண விலக்கும் மின்வரி விலக்கும் முதலீட்டு மானியமும் அடுக்கிய இன்றைய சலுகைத் தொகுப்பை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காலம்தான் மாறியிருக்கிறது.

1690க்கு வருகிறேன். மொகலாயப் படை நெருங்கிவர, செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. தேவனாம்பட்டினக் கோட்டையைச் சென்னை ஆளுநர் எலிஹு யேலிடம் விற்றார். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டு, குண்டு விழும் தூரம் வரை! குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது மருந்து கெட்டித்துச் சுடுகிறவனின் கைத்திறனைப் பொறுத்தது என்று ஆங்கிலேயர் தெரிந்தே எழுதிவைத்தார்கள். அந்தத் தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. அந்த ஊர்க்காரர்களை யார் கேட்டார்கள்? நம் வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கடந்துபோகிறார்கள். சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் 1943ஆம் ஆண்டுச் செஞ்சி வரலாற்றுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் அவருக்குப் பின்வந்த நாம் முற்றுகைகளையும் செஞ்சி மன்னன் தேசிங்கின் கதையையும் பார்த்த அளவுக்கு இந்த விற்பனைப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. அவசரத்தில் இருக்கும் அரசு எல்லையை அளக்காமலே எழுதிக்கொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்றைக்கு வருவோம். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்தான முதலீட்டு உறுதிகள் 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணைச் சொல்ல நமக்குத் தெரிகிறது. ஐந்தாண்டு கழித்து எத்தனை கூரை எழுந்தது, எத்தனை பேருக்கு வேலை நிலைத்தது என்று ஊரில் உட்கார்ந்து எண்ணும் ஆள் இல்லை. வடக்கே செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குப் போக விடியுமுன் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பெண்கள் கையில் இன்று சொந்தச் சம்பளம் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது பாவம். அதே சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு மேல்மா பகுதி விவசாயிகள் நிலம் தர மறுத்து 2023இல் போராடியபோது ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்ததும், எதிர்ப்பு எழுந்த பிறகே அவர்களில் ஆறு பேர் மீது அது திரும்பப் பெறப்பட்டதும் நமக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தாக்க மதிப்பீடு, தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நிலச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்குக் கிடையாது. ஊரைக் கேளாமல் எல்லை போடும் பழக்கம் 1690ஓடு முடியவில்லை.

நிர்வகிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள். நெல் மூட்டை வாசல் வரை அடுக்கியிருக்கும். வானம் இருட்டினால் தார்ப்பாய்க்கு ஓட்டம். அங்கே இன்னொரு கிடங்கும் உலர்களமும் கட்டுவதை யாரும் ‘திட்டம்’ என்று அழைப்பதில்லை, அதற்கு விருந்தினர் வருவதில்லை, மேடை போடுவதில்லை. வெளியிலிருந்து வருவது மட்டுமே முதலீடு என்ற எண்ணத்தை நம் துறைதான் வளர்த்துவிட்டது.

2025 ஜூலையில் மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனி விடுதிகளும் உணவகங்களும் நிலம் தேடி வரும். யாருக்கு எவ்வளவு நிலம், எந்தச் சலுகை, எத்தனை ஆண்டு, உள்ளூர்க்காரருக்கு எத்தனை வேலை, சொன்னபடி நடக்காவிட்டால் என்ன என்பதெல்லாம் தமிழில் எழுதப்பட்டு, கையெழுத்தாகும் முன் உள்ளாட்சி மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அதன் ஒரு படி அந்த மன்றத்திலேயே இருக்க வேண்டும். அரசமைப்பு தந்த மாவட்டத் திட்டக் குழு ஆண்டுதோறும் அதை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். ஆய்வரங்கம் தீர்மானம் போடுவது வழக்கமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். இன்று மாலை அமர்வில் இந்தத் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். மறுக்கிறவர்கள் தங்கள் சான்றுகளோடு வாருங்கள்.