மீன் குஞ்சுகளைக் குளம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை



பண்ணைக்குட்டையிலும் குளத்திலும் மீன் வளர்க்க விரும்புவோர் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை குஞ்சு விடலாம்?" என்பதுதான். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றைச் சேர்த்து வளர்ப்பதானால் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை விரலளவு குஞ்சுகள் விடலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் விட்ட குஞ்சுகளில் மறுநாள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை. இன்று நான் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

ஓர் உழவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அரை ஏக்கர் குளத்தில் 2,000 குஞ்சுகள் விட்டிருக்கிறார். பத்து மாதம் தவிடும் பிண்ணாக்கும் போட்டு வலை இழுத்தால், முந்நூறு மீன்கூடத் தேறவில்லை. "குஞ்சு சரியில்லை ஐயா" என்றார். எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். பகல் இரண்டு மணிக்கு வண்டி வந்தது. கரையில் நின்றபடியே பைகளை அவிழ்த்துக் குளத்தில் கவிழ்த்தோம் என்றார். "ஒன்றுகூட மிதக்கவில்லையே, எல்லாம் உள்ளே ஓடிவிட்டன" என்றும் சொன்னார். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். செத்த குஞ்சு உடனே மிதப்பதில்லை. முதலில் அடியில் போய்த்தான் கிடக்கும். பின்னர் மேலே வருவதைக் காகமும் கொக்கும் விடியுமுன் கொத்திக்கொண்டு போய்விடும். அந்தக் குஞ்சுகளின் தரத்தில் குறை இருந்ததா, இறக்கிய முறையில் குறை இருந்ததா என்று பத்து மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

ஒரு காலத்தில் ஆற்றில் பிடித்த குஞ்சுகளை மண்பானைகளில் ஊற்றி இரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஹிராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றியோரும் ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன் பிறகே பண்ணையில் குஞ்சு பொரித்துப் பரவலாக விற்கும் வழி பிறந்தது. பானை போய்ப் பாலித்தீன் பை வந்தது. பை நல்ல சாதனம்தான். ஆனால் அதன் குணம் தெரிந்து கையாள வேண்டும்.

குஞ்சு வாங்கப் போகுமுன் பண்ணைக்குச் சொல்லி, முதல் நாளே அவற்றைப் பிடித்துத் தொட்டியில் தீனியின்றி வைத்திருக்கச் சொல்லுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். வயிறு நிறைய இருக்கும் குஞ்சு வழியெல்லாம் கழிந்து, தான் இருக்கும் நீரைத் தானே கெடுத்துக்கொள்ளும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்பது கணக்கு. ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்தவுடன் பையில் நிரப்பக் கூடாது. அதில் கரைந்த ஆக்சிஜன் குறைவாக இருக்கும். சிலர் அவசரத்துக்கு வாயால் ஊதிக் கட்டுகிறார்கள். அது குஞ்சுகளுக்குக் கரியமில வாயுவை அடைத்துக் கொடுப்பதாகும். பையின் அடி மூலைகளைச் சுருட்டி நூலால் கட்டிவிட்டால் குஞ்சுகள் மூலையில் ஒதுங்கி நசுங்காது. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை சமையல் உப்புச் சேர்த்தால் பயண அலுப்பை ஓரளவு தாங்கும்.

வெயிலில் பயணம் வேண்டாம். 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூடு ஏற ஏறக் குஞ்சுக்கு மூச்சுத் தேவையோ கூடும். எனவே இரவில் ஏற்றி, ஈரச்சாக்கு போர்த்தி, காலையில் வந்து சேருவதே என் பரிந்துரை. வண்டி குலுங்குவதும் நல்லதுதான். பையில் உள்ள காற்று நீரில் கலக்க அது உதவும். வழியில் நெடுநேரம் வண்டியை நிறுத்த நேர்ந்தால் பைகளை மெல்ல அசைத்துக் கொடுங்கள்.

இனிமேல் சொல்வதைக் கூர்ந்து கவனியுங்கள்.

களர் நிலத்தில் யூரியாவை மேலாகத் தூவினால் தழைச்சத்து அம்மோனியாவாகி ஆவியாகப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். பைக்குள்ளும் அதே அம்மோனியாதான் பிரச்சினை. மீன் விடும் கழிவில் அம்மோனியா உண்டு. பயண நேரத்தில் அது நீரில் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் கட்டிய பைக்குள் குஞ்சு விடும் மூச்சின் கரியமில வாயுவும் சேர்வதால் நீர் சற்று அமிலத்தன்மை அடைகிறது. அமில நீரில் அம்மோனியா அதிகக் கேடு செய்யாத வடிவில் அடங்கிக் கிடக்கும். நீங்கள் பையை அவிழ்த்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது. நீர் காரத்தன்மைக்குத் திரும்ப, அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. பையைத் திறந்து வைத்துவிட்டு, ஆள் வரட்டும் என்று அரைமணி நேரம் காத்திருப்போர் இதை அறியாமல்தான் குஞ்சுகளைக் கொல்கிறார்கள்.

ஆகவே பையை அவிழ்க்காமலே குளத்து நீரில் மிதக்க விடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வரும். வேறுபாடு அதிகமாகத் தெரிந்தால் இன்னும் சற்று நேரம் மிதக்கட்டும். பை கட்டியே இருக்கட்டும். மரநிழலில் மிதக்க விடுங்கள். நிழல் இல்லையென்றால் ஈரச்சாக்கு போடுங்கள். வெயிலில் மிதக்கும் பை உள்ளே அடுப்பாகிவிடும். பிறகு ஒவ்வொரு பையாக அவிழ்த்து, ஒரு சொம்பு குளத்து நீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடம் விட்டு இன்னொரு சொம்பு. பத்து நிமிடத்துக்குள் பையிலுள்ள நீர் இரு மடங்காக வேண்டும். அதன்பின் பையின் வாயை நீர்மட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். மேலிருந்து கொட்ட வேண்டாம்.

பாசி படர்ந்து பச்சையாக இருக்கும் குளத்தில் மாலை நேரத்தில் காரத்தன்மை உச்சத்தில் இருக்கும். விடியற்காலையிலோ ஆக்சிஜன் மிகக் குறைவு. வெயில் ஏறத் தொடங்கும் ஏழு, எட்டு மணி எனக்குப் பிடித்த நேரம். கடலோரத்து உழவர்கள் தம் குளத்து நீரின் உப்பை முன்கூட்டியே சோதித்துப் பண்ணைக்காரரிடம் சொல்ல வேண்டும். நீர் மிகவும் வேறுபட்டால் பத்து நிமிடக் கலப்பு போதாது.

கடைசியாக ஒரு வேலை. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பழைய கொசுவலையைப் பெட்டி வடிவில் தைத்து, நான்கு மூங்கில் கழிகளில் கட்டிக் குளத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். அடிப்பக்கம் சேற்றில் படக் கூடாது. மேலேயும் வலை போட்டு மூடுங்கள். மீன்துறையினர் இதை ஹாப்பா என்பார்கள். எல்லாப் பைகளிலிருந்தும் கலந்து எடுத்த 100 குஞ்சுகளை எண்ணி அதில் விடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். 95 இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 60 இருந்தால், குளத்தில் விட்ட 2,000இலும் ஏறத்தாழ 1,200தான் மிச்சம் என்று வைத்துக்கொண்டு, குறைந்ததை வாங்கி விடவோ தீனியைக் குறைக்கவோ அப்போதே முடிவு செய்யலாம். பண்ணைக்காரரிடம் முறையிடுவதானாலும் இரண்டாம் நாள் கையில் எண்ணிக்கையோடு போனால் பேச்சு எடுபடும்.

எண்ணி முடித்த குஞ்சுகளைக் குளத்தில் விட்டுவிடுங்கள். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, குஞ்சு விட்ட மறுநாள் காலையிலிருந்து கொடுக்கத் தொடங்கலாம். எந்தப் பையில் எத்தனை செத்திருந்தன, எந்த நேரத்தில் விட்டீர்கள் என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.