முஸாஃபஹா



தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பள்ளிவாசலுக்கு அருகே குடியிருக்கும் நம்மவர் பெருநாள் காலையில் இக்காட்சியைக் கண்டிருப்பர். தொழுகை முடிந்து வருவோர் ஒருவரையொருவர் தழுவுகின்றனர், கைகளைப் பற்றிக்கொள்கின்றனர். மேல்நாட்டார் கை குலுக்குவதோடு இதனை ஒன்றாக எண்ணுவாரும் உளர். செயல் ஒன்றே எனினும் கருத்து வேறு.

அரபு மொழியில் இதற்கு முஸாஃபஹா என்று பெயர். உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்துதல் என்பது பொருள். ஏட்டின் பக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அவ்வேருக்கு இன்னொரு பொருளும் உண்டு: பிறர் குற்றத்தைப் பாராட்டாது விடுதல். இரு முஸ்லிம்கள் சந்தித்துக் கைப்பற்றிக்கொண்டால், அவர்கள் பிரியுமுன்னரே அவர்தம் பாவங்கள் மன்னிக்கப்படும் என்னும் நபிமொழியை அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருத்தல் ஆகாது என்பதும், முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பதும் நபிகள் நாயகத்தின் போதனை.

ஒரு கையால் பற்றுவதா, இரு கையாலா என்னும் வாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஹனஃபிகள் இரு கைகளையும் கொடுப்பர். அவ்வாதத்தில் நாம் நுழைய வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். நெருங்கிய உறவினரல்லாத ஆணும் பெண்ணும் கைப்பற்றுவதைச் சட்ட அறிஞரில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. நபிகள் பெண்களிடம் உறுதிமொழியைச் சொல்லளவிலேயே பெற்றார் என ஆயிஷா அம்மையார் அறிவித்துள்ளார். ஆதலின் அண்டை வீட்டு முஸ்லிம் பெண்மணி நாம் நீட்டிய கையைப் பற்றாது, தம் நெஞ்சில் கைவைத்து நின்றால், அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

இனி, விதிகளைவிட இச்செயலின் கனத்தை நன்கு உணர்த்தும் ஒரு வரலாறு. கி.பி. 630-இல் நபிகள் தபூக் நோக்கிப் படையுடன் சென்றபோது, மதீனாவாசியான கஅபு இப்னு மாலிக் தக்க காரணமின்றிப் பின்தங்கிவிட்டார். மற்றும் பலர் பொய்க் காரணம் கூறித் தப்பினர். கஅபு உண்மையைச் சொன்னார். அவரோடும், அவரைப்போல் உண்மை உரைத்த வேறிருவரோடும் எவரும் பேசலாகாதென நபிகள் ஆணையிட்டார். கஅபு கடைத்தெருவில் நடப்பார், எவரும் பேசார். தொழுகைக்குப்பின் நபிகளுக்கு ஸலாம் கூறி, மறுமொழியாக அவர் உதடு அசைந்ததோ என்று உற்று நோக்குவார். சிற்றப்பன் மகன் அபூ கதாதாவின் தோட்டச் சுவரேறிச் சென்று ஸலாம் சொன்னார். அவரும் பதில் ஸலாம் சொல்லவில்லை.

ஐம்பதாம் நாள் வைகறையில், மன்னிப்பு வந்ததென மலைமீதிருந்து ஒருவர் கூவினார். கஅபு, நற்செய்தி கொணர்ந்தவருக்குத் தம் உடைகளையே கழற்றி அளித்து, இரவல் உடை உடுத்திப் பள்ளிவாசலுக்கு விரைந்தார். வழியெங்கும் மக்கள் கூட்டங்கூட்டமாக வாழ்த்தினர். பள்ளிக்குள் நபிகளைச் சூழ்ந்து பலர் அமர்ந்திருந்தனர். மக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களுள் தல்ஹா ஒருவரே எழுந்தார். விரைந்து வந்து கஅபின் கையைப் பற்றி வாழ்த்தினார்.

கஅபு முதுமையில் கண்பார்வை இழந்தார். கைபிடித்து வழிநடத்திய மகனிடம் இவ்வரலாறு முழுவதையும் கூறினார். தல்ஹா எழுந்து வந்ததைத் தாம் ஒருநாளும் மறக்கவில்லை என்பதையும் கூறினார்.