வால்வெள்ளியைப் படம் எடுப்போம், நாளையும் குறித்து வைப்போம்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் மேற்கு வானத்தில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது. சுசின்ஷான்-அட்லஸ் என்பது அதன் பெயர். சீனாவிலுள்ள ஒரு வானாய்வுக் கூடமும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023-இல் அதைக் கண்டுபிடித்ததால் இரண்டு பெயரும் சேர்ந்து கொண்டன. அக்டோபர் 12-ஆம் தேதி அது பூமிக்கு மிக அருகில் வந்தது. அருகில் என்றால் ஏறக்குறைய 7 கோடி கிலோமீட்டர். பிறகு சில நாள்களிலேயே மங்கிப் போனது. நம் காலத்தில் அது இனித் திரும்பி வரப் போவதில்லை.

நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்குத் தெற்கே உள்ளது சுங்கை காடுட். ஒரு பக்கம் சிரம்பான், செனாவாங் நகர விளக்குகள். இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள். வானம் தெளிந்திருந்த ஒரு மாலையில் இங்குள்ள ஒரு மாணவன் கைப்பேசியோடு திடலுக்குப் போயிருந்தால், அந்த வால்வெள்ளியைப் படம் எடுத்திருக்க முடியும். எத்தனை பேர் போனார்கள்? எடுத்த படத்தில் நாளும் இடமும் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால், தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவர், "பெரட்டுக்குப் போகும் போது விடியற்காலையில் வால்வெள்ளி பார்த்திருக்கிறேன்" என்று சொன்னால், அது எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1965 அக்டோபர் கடைசியில் தெரிந்த இக்கேயா-செக்கியாக இருக்கலாம். 1970-இல் தெரிந்த பென்னெட்டாகவும் இருக்கலாம். இரண்டுமே விடியற்கால வானத்தில் தெரிந்தவைதான். பால்வெட்டுக்குக் கிளம்பியவர்கள் விழித்திருந்த நேரம் அது. ஆனால், அன்று லயத்து வீடுகளில் கேமரா ஏது? பார்த்த கண்கள் இருந்தன, பதிவு இல்லை. அந்தப் பெரியவரோடு அந்த நினைவும் போய்விடும்.

அந்த இக்கேயா-செக்கியைக் கண்டுபிடித்தவர்கள் யார்? ஜப்பானைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். இக்கேயா ஒரு பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி. தன் கையாலேயே தொலைநோக்கி செய்து கொண்டவர். செக்கி கித்தார் சொல்லிக் கொடுப்பவர். பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். வானம் படித்தவனுக்கு மட்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

வால்வெள்ளியின் முதல் புகைப்படமும் அப்படித்தான் வந்தது. 1858 செப்டம்பர் 27-ஆம் தேதி இங்கிலாந்தில் அஷர்வுட் என்ற படப்பிடிப்பாளர், மனிதர்களைப் படம் எடுக்கும் லென்சைக் கொண்டே டொனாட்டி வால்வெள்ளியை 7 வினாடிகளில் பிடித்தார். மறுநாள் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் பெரிய தொலைநோக்கியை வைத்து எடுத்த படத்தில் தலைப் பகுதி மட்டுமே விழுந்தது. ஆனால், அஷர்வுட்டின் படம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எடுத்தால் மட்டும் போதாது, காப்பாற்றியும் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

வால்வெள்ளி என்றாலே கேடு என்ற பயம் நம்மிடம் உண்டு. இது தமிழருக்கு மட்டும் உரிய பயமல்ல. 1910-இல் ஹேலி வால்வெள்ளி வந்த போது, அதன் வாலில் விஷ வாயு இருக்கிறது, பூமி அதற்குள் நுழையப் போகிறது என்று மேல்நாட்டார் நடுங்கினார்கள். அதற்கு மாத்திரை விற்றுப் பணம் பார்த்தவர்களும் உண்டு. அதே நாள்களில் தமிழ்நாட்டுக் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் ஹேலியைப் படம் எடுத்து வைத்தார்கள். பயம் சில வாரங்களில் மறைந்து போனது. படம் நூறாண்டு கடந்தும் பயன் தருகிறது.

சங்கப் புலவர் கபிலரும் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார். வானத்தில் தூமம் தோன்றினாலும் பாரியின் நாட்டில் வயல் வளம் குன்றியதில்லை என்பது புறநானூற்றில் அவர் சொல்லும் கருத்து. தூமம் என்பது வால்வெள்ளி. நாடு செழிப்பது நல்ல ஆட்சியால் என்று அன்றே தெளிந்தவர்களின் பேரப் பிள்ளைகள் நாம்.

சென்னையில் பிறந்த வேணு பாப்புவையும் இங்கே நினைக்க வேண்டும். 1949 ஜூலை 2-ஆம் தேதி, ஹார்வர்டில் படித்துக் கொண்டிருந்த போது, வானத்தைப் படம் எடுத்த தகட்டில் ஒரு புதிய வால்வெள்ளியைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 21. பாப்பு-போக்-நியூகிர்க் என்று மூவர் பெயரில் அது அழைக்கப்படுகிறது. பின்னாளில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக் கூடத்தை உருவாக்கியவரும் அவரே. படம் எடுப்பவர் ஆயிரம் பேர். எடுத்த படத்தை உற்றுப் பார்ப்பவர் சிலர். பாப்பு உற்றுப் பார்த்தார்.

இனி, படம் எடுக்கும் முறைக்கு வருவோம். வால்வெள்ளி பனியும் தூசியும் கலந்த உருண்டை. சூரியனை நெருங்கும் போது பனி ஆவியாகி, தூசியோடு வாலாக நீள்கிறது. அந்த வாலின் ஒளி மெல்லியது. கண்ணால் ஒளியைச் சேர்த்து வைக்க முடியாது; கேமராவால் முடியும். பல வினாடிகள் திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வாலும் படத்தில் தெரியும்.

ஆகவே கேமராவோ கைப்பேசியோ, அசையாமல் இருக்க வேண்டும். முக்காலி நல்லது. இல்லாவிட்டால் அரிசிப் பை மேல் சாய்த்து வைத்தாலும் போதும். ஃபிளாஷை நிறுத்தி விடுங்கள். கையால் தட்டினால் படம் அசையும். டைமர் வைத்து எடுங்கள். கைப்பேசியில் இரவுப் பட வசதியைப் போடுங்கள். கேமராவில் லென்சை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ எண்ணை 800 முதல் 3,200 வரை மாற்றிப் பாருங்கள். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து நீங்களே சரி செய்யுங்கள்.

எத்தனை வினாடி திறந்து வைப்பது? பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்து கோடாக விழும். 500-ஐ லென்சின் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை வினாடி தாங்கும் என்று தெரியும். 50 மில்லிமீட்டர் லென்சுக்கு 10 வினாடி. சிறிய கேமரா என்றால் இன்னும் குறைத்துக் கொள்ளுங்கள்.

நம் நாடு நிலநடுக் கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. சூரியன் நேராக இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே முழு இருட்டு வந்துவிடுகிறது. தொல்லைகளும் உண்டு. அக்டோபரில் மாலை மழை சகஜம். 2024-இல் அக்டோபர் 17-ஆம் தேதி பௌர்ணமியும் சேர்ந்து கொண்டது. ஒரே நாளை நம்பியிருக்காமல் மூன்று நான்கு நாள் முயல வேண்டும். மாலை வால்வெள்ளிக்கு மேற்கு திறந்திருக்க வேண்டும். செம்பனை மறைத்தால் திடலுக்குப் போங்கள், அல்லது போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போங்கள். தோட்டத்துக்குள் போவதென்றால் அனுமதி கேளுங்கள். பாம்பு உண்டு, பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. வால்வெள்ளியை மட்டும் எடுத்தால் அதைவிடச் சிறந்த படம் உலகில் ஆயிரம் கிடைக்கும். உங்கள் தோட்டத்துக் கோவில், உங்கள் தமிழ்ப்பள்ளி, எஞ்சி நிற்கும் ஒரு ரப்பர் மரம், அதற்கு மேலே வால்வெள்ளி. இந்தப் படத்தை உங்களைத் தவிர வேறு யார் எடுப்பார்கள்? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வரும் காலம் இது. வால்வெள்ளி போய்விடும், அந்த மரமும் போய்விடலாம். படம் மட்டும் நிற்கும்.

எடுத்த பின் நாள், நேரம், இடம், திசை நான்கையும் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர் சொல்லும் பழைய வால்வெள்ளிக் கதையையும் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்: எந்த மாதம், எந்தத் தோட்டம், விடியலா மாலையா என்று. ஹேலி மீண்டும் வருவது 2061-இல். இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அன்று நடுவயதில் இருப்பார்கள். 'எங்கள் தாத்தா என்ன பார்த்தார்?' என்று அவர்களின் பிள்ளைகள் கேட்கும் போது, காட்ட ஒரு படமும் படிக்க இரண்டு வரியும் கையில் இருக்கட்டும்.