ஒன்பதாம் வகுப்பில் ஓவியப் பாடவேளை எங்கே போகிறது?

(குச்சனூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரை)



இந்த ஊரிலிருந்து பண்ணைப்புரம் அதிகத் தொலைவில்லை. அங்கிருந்து இளையராஜா வந்தார். தேனி அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா வந்தார். "அவர்கள் என்ன, பாட்டுப் பீரியடில் படித்தா வந்தார்கள்?" என்று நம்மில் சிலரே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இளையராஜாவுக்கு வீட்டிலேயே ஒரு பள்ளி இருந்தது. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்து வளர்ந்தவர் அவர். அப்படி ஓர் அண்ணன் வாய்க்காத பிள்ளைகள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலத் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் கையில் தூரிகை கிடைக்க, பள்ளியை விட்டால் வேறு இடம் ஏது?

அந்த இடம் எட்டாம் வகுப்போடு சுருங்கிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் பணி. அரை நாளுக்கு நான்கு பாடவேளை என்று வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு. ஆறு, ஏழு, எட்டில் இரண்டிரண்டு பிரிவு இருந்தால் பிரிவுக்கு இரண்டு பாடவேளை. அதோடு கணக்கு முடிந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் அந்தக் கை எட்டுவதில்லை.

பத்தாம் வகுப்பிலோ ஐந்து பாடம், 500 மதிப்பெண். 2017-இல் அரசு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது நல்ல முடிவு. ஆனால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு இன்றும் ஆய்வுக் கூட்டத்தில் கேட்கப்படுகிறது. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு நேரம் தேடும் தலைமையாசிரியருக்கு, மதிப்பெண் இல்லாத பாடவேளைதான் முதலில் கண்ணில் படும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் கலையையும் தேர்வுப் பாடமாக்கிவிடலாமா? இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை சித்திரமோ, கர்நாடக சங்கீதமோ, பரதமோ எடுத்து எழுதலாம். பாடத்துக்கு மதிப்பு உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கலோத்சவத்தில் தரம் பெறுவோருக்குக் கருணை மதிப்பெண் உண்டு; ஆனால் அது மேடை ஏறியவர்களுக்கு மட்டும். 2022-23 முதல் நாம் நடத்தும் கலைத் திருவிழாவும் பல பிள்ளைகளுக்கு மேடை தந்திருக்கிறது. என்றாலும் நன்றாக வரைபவன்தான் போட்டிக்குப் போகிறான். வரையவே தெரியாதவனுக்கு வாரம் ஒரு பாடவேளைதான் வாய்ப்பு. அதை மதிப்பெண்ணால் காப்பாற்றப் போனால், ஓவியத்துக்கும் வினா-விடைக் கையேடு வந்துவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

அட்டவணை நம் கையில் இருக்கிறது. அதனால் மூன்று யோசனைகள்.

ஒன்று: பெரிய பாடங்களை எல்லாம் போட்டுவிட்டு, மிச்சக் கட்டத்தில் கலையை வைக்காதீர்கள். பகுதிநேர ஆசிரியர் வரும் அரை நாட்களை முதலில் குறியுங்கள். நாளுக்கு எட்டு என்றால் வாரத்துக்கு நாற்பது பாடவேளை. ஒன்பதாம் வகுப்புக்கு அதில் ஒன்று போதும். அது கடைசிப் பாடவேளையாக இருக்க வேண்டாம்.

இரண்டு: அந்தப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்தால், அதே வாரத்தில் திருப்பித் தர வேண்டும். கடன் வாங்கியதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் போதும்.

மூன்று: ஒவ்வொரு பிள்ளையின் வேலைக்கும் ஒரு கோப்பு. ஆறில் தொடங்கிப் பத்து வரை சேர்த்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் பார்வைக்கு வையுங்கள். மதிப்பெண் போடாமலே வளர்ச்சி தெரியும். ஆர்வம் மிகுந்தவர்களிடம், ஓவியத்திலும் இசையிலும் தையலிலும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஜூன் மாதம் அட்டவணை எழுத உட்காரும்போது, நாற்பதில் அந்த ஒரு கட்டத்தை முதலில் நிரப்புங்கள். மற்ற முப்பத்தொன்பதையும் நிரப்ப நமக்குத் தெரியும்.