திட்டமும் செலவும்: இல்லக் கணக்கின் மூன்றாம் பத்தி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்திலே கோப்புகளோடு காலம் கழிக்கும் என்னைக் குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். இப்பொருளைப் பற்றி ‘வலியறிதல்’ அதிகாரத்திலே வள்ளுவர் ஒரே குறளில் சொல்லி முடித்துவிட்டார். அதனை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆதலின் அறத்தை அவரிடமே விட்டுவிட்டு, நான் கணக்கை மட்டும் பேசுகின்றேன்.

இந்நாளில் திட்டமில்லாத இல்லம் அரிது. நோட்டுப் புத்தகத்திலோ கணினியிலோ கைப்பேசியிலோ, மாதம் பிறந்தவுடன் மளிகைக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று எழுதி விடுகின்றோம். எழுதியதைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்போர் எத்தனை பேர்? திட்டம் முதற் பத்தி. செலவு இரண்டாம் பத்தி. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மூன்றாம் பத்தி. அம்மூன்றாம் பத்தியைப் பற்றியே இன்று பேச எழுந்தேன்.

நான் பணியாற்றும் துறையிலே இது பழகிய வழக்கம். ஆக்வொர்த் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1924-இல் பொது வரவு செலவுத் திட்டத்தினின்றும் பிரிந்த ரயில்வே நிதிநிலை, 2017-18 முதல் மீண்டும் அதனோடே இணைந்தது. பிரிந்தாலும் இணைந்தாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. ஏப்ரலில் பெற்ற ஒதுக்கீட்டை ஆகஸ்டில் ஒரு முறை செலவோடு வைத்து ஆராய்வர். ஆண்டிறுதி நெருங்கும்போது திருத்திய மதிப்பீடு செய்வர். பிப்ரவரியில் இறுதி மாற்றம் செய்வர். ஒரு தலைப்பிலே மிகுந்தால் காரணம் எழுத வேண்டும். குறைந்தாலும் எழுத வேண்டும். குறைந்ததற்கும் காரணம் கேட்பது புதிதாகச் சேரும் எழுத்தர்களுக்கு வியப்பாக இருக்கும். வேலை நடவாமல் மிஞ்சிய பணம் சேமிப்பாகாது என்பதை அவர்கள் ஓராண்டிலே உணர்ந்து கொள்வர்.

நம் தலைக்கு மேலே நிற்கும் திருமலையையே பாருங்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2020-21-க்கு ஏறத்தாழ 3,309 கோடி ரூபாய்க்குத் திட்டமிட்டது. ஆனால், அந்நிதியாண்டு தொடங்குமுன்னரே, கொரோனாவினால் 2020 மார்ச் 20 அன்று பக்தர்க்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது; பொதுமக்கள் மீண்டும் மலையேறியது ஜூன் 11-இல். அடுத்த ஆண்டின் திட்டத்தை 2,937 கோடியாகத் தேவஸ்தானம் குறைத்தது. 2025-26-க்கோ அது 5,258 கோடியாக உயர்ந்தது. அன்று திட்டமும் நடப்பும் வேறுபட்டமைக்குத் திட்டம் வகுத்தவரைக் குறை கூறியவர் உண்டா? காரணத்தை நாடே அறிந்திருந்தது. இல்லங்களில் மட்டும் ஏனோ வேறுபாடு கண்ட மாத்திரத்தில் காரணத்தைத் தேடாமல் ஆளைத் தேடுகின்றோம்.

இதற்கெனக் கணினியிலே மென்பொருள்கள் பல உள்ளன. விலையின்றிக் கிடைப்பனவற்றுள் க்னூகேஷ் என்பது ஒன்று. 1998-இல் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. 1494-இல் வெனிஸ் நகரிலே பாச்சியோலி அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இதற்கும் அடிப்படை. தலைப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். பன்னிரு மாதங்களுக்கும் திட்டத்தை நிரப்பி, அன்றாடச் செலவைப் பதிந்து வந்தால், திட்டம், செலவு, வேறுபாடு மூன்றையும் அதுவே அடுத்தடுத்து நிறுத்திக் காட்டும். கூட்டல் கழித்தலில் அது தவறாது. ஆனால் எந்தச் செலவை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதை நாமே சொல்ல வேண்டும். வில்லங்கம் பிறக்குமிடம் அதுவே.

நம் காலனியில் ஓர் இல்லம், பெயர் வேண்டா. மளிகைக்குத் திட்டம் மாதம் 9,000 ரூபாய். புரட்டாசியில் செலவு 14,200. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியின்போதும் அவ்வாறே. கோடை விடுமுறையிலும் அவ்வாறே. மூன்றாம் பத்தியைக் கண்ட கணவர் சினந்து, மனைவியின் கையிலிருந்து பணப்பையை வாங்கிக்கொண்டு, நாள்தோறும் எண்ணிக் கொடுக்கலானார். அந்த அம்மையார் வாய் திறவாமல் கணக்கை 9,000-க்குள் அடக்கிக் காட்டினார். எவ்வாறு? தாம் நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையை ஒன்றுவிட்டொரு நாளாக்கினார். அண்டை வீட்டுத் தாய்மார் கண்டுபிடித்தபோது மாதம் நான்கு ஆகியிருந்தது.

அக்குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி, கடைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு அத்தலைப்பை இரண்டாகப் பிரித்தோம். புரட்டாசியின் 14,200-இல் வீட்டார் உண்டது 8,700. விருந்தினர்க்கு ஆனது 5,500. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலைக்கு வரும் உறவினர் எல்லாம் தங்குவது எங்கே? நம் காலனியில்தானே! திருப்பதியில் குடியிருப்போர் இல்லத்திற்கு ‘உறவினர் வருகை’ என்றொரு தலைப்பு இன்றியமையாதது என்பேன். மற்ற ஊரார்க்கு இது விளங்காது. எட்டுப் பேருக்கு 300 ரூபாய் தரிசனச் சீட்டை நம் கைப்பேசியிலே முன்பதிவு செய்தால் 2,400 ரூபாய். அதனைத் திருப்பிக் கேட்க நமக்கு நாணம், நினைவூட்டாமல் தர அவர்களுக்கு மறதி. இது மளிகையில் ஏறாமல் ‘மற்றவை’யில் போய் ஒளிந்து கொள்ளும். ‘மற்றவை’ மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அக்கணக்கு எதையும் சொல்லவில்லை என்பதே என் துணிபு. விருந்தோம்பலைக் குறைக்கச் சொல்லவில்லை. அதன் செலவை அதன் பெயரிலேயே எழுதுங்கள்; அடுக்களையின் மேல் ஏற்றாதீர்கள்.

இனி, செலவல்லாததைச் செலவென்று எழுதும் வழக்கம். ஏ.டி.எம்.-இல் எடுத்த பணம் செலவன்று. வங்கியிலிருந்து பைக்கு இடம் பெயர்ந்தது, அவ்வளவே. சீட்டுக்குக் கட்டும் தவணையும், சீட்டை எடுக்கும் வரையில், சேமிப்பே. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை 20,000 தள்ளி எடுத்தால், அந்த 20,000-தான் மெய்யான செலவு. அதிலே நடத்துநரின் கமிஷனும் அடங்கும்; அதன் உச்சவரம்பை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழாக உயர்த்தியது. தள்ளிய தொகையைப் பலரும் எழுதுவதே இல்லை. தவணையை மட்டும் செலவென்று எழுதி அஞ்சுகின்றனர்.

நம் ரயில்வே குடும்பங்களுக்குப் பிறிதொரு சிக்கல் உண்டு. பிள்ளைகளின் கல்விக்கான படி, 2024 ஜனவரி முதல், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 33,750. ஆனால் நாம் ஜூனில் பள்ளிக்குக் கட்டுகின்றோம். அரசு ஆண்டு முடிந்தபின் தருகின்றது. திரும்பி வரவேண்டிய அப்பகுதியை ‘வர வேண்டியது’ என்ற கணக்கிலே வைத்தால் ஜூன் மாதம் நம்மை அச்சுறுத்தாது. மேலும், ஆண்டுச் செலவு அனைத்தையும் பன்னிரண்டால் வகுத்து மாதத்திற்கு ஒரே தொகையாக இடுவோர் உளர். பள்ளிக் கட்டணத்தை அவ்வாறு இட்டால் ஒரு மாதம் பெருத்த மிகை. மற்ற பதினொரு மாதங்களும் பொய்யான மிச்சம். அம்மிச்சத்தை நம்பிக் கடைத்தெருவிற்குப் போவோரே மிகுதி. மாதத்திற்கு மாதம் வெவ்வேறு தொகையை இட மென்பொருள் இடம் தருகின்றது. எந்த மாதத்தில் கட்டுவோமோ அந்த மாதத்தில் இடுங்கள். அதற்கான பணத்தை முன்கூட்டிச் சேர்ப்பது தனி ஏற்பாடு.

போனஸைப் பற்றி ஒரு சொல். 78 நாள் ஊதியம் என்பது கேட்கப் பெரிது. மாதம் 7,000 என்னும் உச்சவரம்பில் கணக்கிடுவதால் கைக்கு வருவது 17,951 ரூபாய்க்கு மேற்படாது. தசராவிற்கு முன் வரும் அதனைச் சித்திரையிலிருந்தே மும்முறை செலவு செய்து விடுகின்றோம். ஒரு முறை எழுதினால் போதும்.

நான் வேண்டுவது சிறியது. நம் அலுவலகத்தின் ஆகஸ்டு மறு ஆய்வை வீட்டிற்கும் கொண்டு வாருங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதச் செலவு கையில் இருக்கும். புரட்டாசி இன்னும் பிறந்திராது. உறவினர் கடிதமும் தொலைபேசியும் வரத் தொடங்கியிருக்கும். அன்று கணினியின் முன் கணவர் மட்டும் அமர்தல் கூடாது. மனைவியாரும் அருகிருந்து, ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் உரிய காரணத்தைச் சொல்ல, அது எழுதப்படல் வேண்டும். நான் குறிப்பிட்ட இல்லத்தார் இரண்டாண்டாக அவ்வாறே செய்து வருகின்றனர். சென்ற ஆகஸ்டில் அவர்கள் திருத்திய மதிப்பீட்டிலே மளிகை 9,000-ஆகவே நின்றது, ‘உறவினர் வருகை’க்குப் புரட்டாசியில் மட்டும் 6,000 ஒதுக்கினர், ‘மருந்து’ என்ற புதிய தலைப்பை அந்த அம்மையாரே தம் கையால் தட்டச்சிட்டார்.