பழைய காரின் ஆசனம்

மோட்டார் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் உடனே எஞ்சினைப் பற்றித்தான் பேசுவோம். எத்தனை குதிரைத் திறன், மணிக்கு எத்தனை மைல், ஒரு காலன் பெட்ரோலுக்கு எவ்வளவு தொலைவு என்றெல்லாம் கேட்போம். ஆனால் காரில் ஏறியவுடன் நம் உடல் தொடுவது எஞ்சினை அன்று, ஆசனத்தை. பயணம் முடியும் வரை நம்மைத் தாங்குவதும் அதுவே. அது நன்றாக இருக்கும் வரையில் எவரும் அதை நினைப்பதில்லை. கிழிந்த பின்னரோ, அதைப் பிரித்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடு என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த கார் அம்பாசடர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1957 முதல் 2014 வரை அதைச் செய்துவந்தனர். தமிழ்நாட்டுக்கென்றும் ஒரு கார் இருந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் முதலில் வான்கார்டு காரையும், 1961 முதல் ஹெரால்டு காரையும், 1972 முதல் கெசல் காரையும் வெளியிட்டனர். 1980-களின் முடிவில் அங்கே கார் தயாரிப்பு நின்றுபோயிற்று. இவ்வாறு தொழிற்சாலை மூடிய பின்னும் வாழ்கின்ற கார்கள் பல இன்றும் நம் ஊர்களில் உண்டு. அவற்றின் எஞ்சினுக்குரிய உறுப்புகளைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் ஓரளவு கிடைக்கக்கூடும். ஆசனம் அப்படிக் கடையில் கிடைப்பதன்று. ஒரு கைவினைஞர் அமர்ந்து அதைச் செய்தாக வேண்டும்.

அவ்வாசனத்தின் அமைப்பை முதலில் காண்போம். வெளியே தெரிவது ஓர் உறை மட்டுமே. அதனுள் அடுக்கடுக்காக ஒரு சிறு கட்டடமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இரும்புச் சட்டம். அதன்மேல் வரிசை வரிசையாகச் சுருள்வில்கள். இவற்றைத் தொழிலாளர் ஸ்பிரிங் என்றே சொல்வர். வில்லின்மேல் சாக்குத் துணி. சாக்கின்மேல் தேங்காய் நார். நாரின்மேல் பஞ்சு. பஞ்சின்மேல்தான் உறை.

இந்த அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடமை உண்டு. நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்த ஹூக் விதி நினைவிருக்கும். சுருள்வில் எவ்வளவு அமுங்குகிறதோ அதற்கேற்ற அளவில் எதிர்த்துத் தள்ளும் என்று 1678-இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட உண்மை அது. ஆசனத்தில் ஒருவர் அமர்ந்தவுடன் நடுவிலுள்ள வில்கள் மிகுதியாக அமுங்கும்; ஓரத்திலுள்ளவை குறைவாக அமுங்கும். அவற்றைக் கம்பியாலும் கயிற்றாலும் ஒன்றோடொன்று பிணைத்திருப்பதால் ஒன்றின் சுமையை மற்றொன்று பகிர்ந்துகொள்கிறது. சாக்குத் துணி இல்லையென்றால் நார் வில்லுக்குள் இறங்கிவிடும். நார் இல்லையென்றால் வில்லின் முனை உடலில் உறுத்தும். பஞ்சு இல்லையென்றால் நாரின் முள் போன்ற நுனிகள் உறையைத் துளைத்து வெளியே வரும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை தம் கடமையைச் செய்ய இயலாது.

நான் கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள மங்களூர் வட்டாரத்தைச் சேர்ந்தவன். மானம் பார்த்த எங்கள் பூமியில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. காட்டில் வெடித்து நிற்கும் பஞ்சு ஆடையாகும் என்பதை எல்லாரும் அறிவர். அதே பஞ்சு ஒரு காரின் ஆசனத்தில் மறைந்து கிடந்து முப்பது ஆண்டு ஒருவரைத் தாங்கும் என்பதை, பழைய ஆசனம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் அறியலாம்.

இனி உறைக்கு வருவோம். பழங்காலக் கார்களில் உயர்ந்தவற்றுக்குத் தோலுறை இட்டனர். உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும், உலர்த்தினால் விறைக்கும். அதைப் பதனிட வேண்டும். நம் சென்னை மாகாணத்தார் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவதில் பெயர் பெற்றிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. அத்தொழிற்சாலை நின்ற இடமே குரோம்பேட்டை என்று பெயர் பெற்றது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

பதனிடுதல் என்பது என்ன? எங்களுக்கு அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கிறது. பச்சைக் களிமண்ணை நீரில் கரைக்கலாம். சூளையில் வெந்த பிறகு அது மறுபடி மண்ணாவதில்லை. தோலும் அப்படித்தான். பட்டைச்சாறோ குரோமிய உப்போ அதன் இழைகளைப் பிணைத்துவிட்ட பின்னர் அது பச்சைத் தோலாகத் திரும்புவதில்லை. சூளை நெருப்பால் செய்கின்ற மாற்றத்தைப் பதனிடுவோர் சாற்றாலும் உப்பாலும் செய்கின்றனர்.

தோலுக்கு விலை கொடுக்க இயலாதவர்களுக்காக வந்தது ரெக்ஸின். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகில் செய்யப்பட்ட ஒரு துணியின் வணிகப் பெயர் அது. துணியின்மேல் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளைப் பூசித் தோலைப் போன்ற வரிகளை அழுத்தியிருப்பர். பின்னாளில் அவ்விடத்தைப் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பூசிய துணி பிடித்துக்கொண்டது. பொருள் மாறினாலும் நம் ஊரில் பெயர் மாறவில்லை. இன்றும் அதை ரெக்ஸின் என்றே கேட்டு வாங்குகிறோம். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. 1926-இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலார் அதனுடன் சில நெய்ப்பொருள்களைச் சேர்த்து வளையச் செய்யும் வழியைக் கண்டார். அந்நெய்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் வெப்பத்திலும் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. நாட்பட்ட ரெக்ஸின் விறைத்து வெடிப்பதன் காரணம் இதுவே.

தோலுக்கும் பகைகள் உண்டு. இலண்டனில் ஒரு கழகத்தில் தோல் நாற்காலிகள் விரைவில் கெட்டுப்போவதை 1840-களில் ஆராய்ந்தவர் யார் தெரியுமா? மின்சாரத்தைப் பற்றி நீங்கள் படிக்கும்போது சந்திக்கும் மைக்கேல் பாரடேதான். விளக்கெரித்த வாயுவிலிருந்த கந்தகமே காரணம் என்று அவர் கருதினார். மேதை ஒருவர் நாற்காலித் தோலை ஆராய்வதைச் சிறுமையாக எண்ணவில்லை என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஆசனம் கிழிந்தது என்றால், எதனால் கிழிந்தது என்பதே முதற்கேள்வி. வெயிலாலா, வியர்வையாலா? உள்ளே வில் முறிந்து அதன் முனை கீழிருந்து குத்தியதாலா? தையல் நூல் மக்கியதாலா? காரணம் வில்லாக இருக்கும்போது உறையை மட்டும் மாற்றினால், புதிய உறையும் அதே இடத்தில் கிழியும். காய்ச்சலின் காரணத்தை அறியாமல் நெற்றியில் பற்றுப் போடுவதை ஒத்தது அது.

குஷன் கடைகளில் நான் பல மணி நேரம் அமர்ந்து வேலையைக் கவனித்திருக்கிறேன். தேர்ந்த தொழிலாளி பழைய உறையைக் கிழித்து எடுப்பதில்லை. தையலை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்து எடுக்கிறார். ஏனெனில் அப்பழைய உறைதான் புதிய உறைக்கு அளவுப் படம். இடம், வலம், முன், பின் என்று ஒவ்வொரு துண்டிலும் சுண்ணக்கட்டியால் குறி இடுகிறார். எந்தத் துண்டு எதன்மேல் மடிந்திருந்தது, எங்கே எத்தனை ஆணி இருந்தது என்பதையெல்லாம் நினைவில் வைக்கிறார். இக்காலத்தில் கைபேசியில் படமும் எடுத்துக்கொள்கிறார். நைந்து நீண்டுபோன இடத்தில் அளவைச் சற்றே குறைத்து வெட்ட வேண்டும். அது எவ்வளவு என்பதை அளவுகோல் சொல்லாது, கைதான் சொல்லும்.

அடுத்து, சட்டத்தின் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுகிறார். முறிந்த வில்லை மட்டும் மாற்றி, தளர்ந்த கட்டுகளை இறுக்குகிறார். பொடியாகிப்போன நாரை உதறிவிட்டு, நல்ல நாரைப் பிரித்துக் கோதி மீண்டும் வைக்கிறார். பிறகு தோலை வெட்டுகிறார். விலங்கின் முதுகுப் பகுதித் தோல் எளிதில் நீளாது. வயிற்றுப் பகுதித் தோல் நீளும். ஆகவே அமரும் இடத்துக்கு முதுகுத் தோலையும், அழுத்தம் படாத ஓரங்களுக்கு வயிற்றுத் தோலையும் ஒதுக்க வேண்டும். இதை அறியாது வெட்டினால் ஓராண்டிலேயே ஆசனம் தொய்ந்துவிடும்.

தையலிலும் ஒரு நுட்பம் உண்டு. நெருக்கமாகத் தைத்தால் உறுதி மிகும் என்று நாம் எண்ணுவோம். தோலில் அது பொய். அஞ்சல் தலைத் தாளில் ஏன் நெருக்கமாகத் துளையிட்டிருக்கிறார்கள்? எளிதில் கிழிவதற்காகத்தானே! தோலிலும் ஊசித்துளைகள் நெருங்கினால் அவ்வரிசையிலேயே அது கிழியும். எனவே தையலை எண்ணி இடைவெளி விட்டு இடுகிறார். ரெக்ஸினாக இருந்தால், மாட்டுவதற்கு முன் அதைச் சற்று வெயிலில் வைத்து இளகச் செய்கிறார். இளகியபோது இழுத்து மாட்டினால், ஆறிய பின் சுருக்கமின்றி இறுகிப் பொருந்துகிறது.

இங்கே ஒரு பெரிய வினா எழுகிறது. வில்லும் நாரும் பஞ்சும் எதற்கு? இக்காலத்து நுரைப்பஞ்சை ஒரே பாளமாக வெட்டி வைத்தால் ஆகாதா? நுரைப்பஞ்சு இகழத்தக்கது அன்று. 1929-இல் டன்லப் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ரப்பர்ப் பாலைக் கடைந்து நுரையாக்கி மெத்தை செய்தனர். பின்னர் பாலியூரித்தேன் நுரை வந்தது. நாள்தோறும் வாடகைக்கு ஓடும் காருக்கு அதுவே தகும். செலவும் குறைவு, வேலையும் விரைவு. பிழைப்புக்காகக் கார் ஓட்டுபவரிடம் போய், தேங்காய் நாரைத் தேடிப் போடு என்று சொல்வது நியாயமாகாது.

ஆனால் தன் காலத்துக்குச் சான்றாக நிற்கும் ஒரு காருக்கு அது பொருந்தாது. நுரையை வைத்தால் ஆசனத்தின் உயரம் மாறும். ஓட்டுபவரின் கண் மட்டம் மாறும். மேடுபள்ளத்தில் உடல் அசையும் அசைவே மாறும். பழைய அம்பாசடரின் முன்புறத்து நீள் ஆசனத்தில் மூவர் நெருங்கி அமர்ந்து சென்ற அனுபவத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அந்த ஆசனத்தை இரு தனி ஆசனங்களாக்கிவிட்டால், கண்ணாடியும் விளக்கும் பழையனவாக இருந்து பயனென்ன? 2021-இல் மத்திய அரசு வகுத்த விதியின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கார்களைத் தொன்மை வாகனமாகத் தனியே பதிவு செய்யலாம். அவை தம் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அறநிலையத்தார் 2015-இல் திறந்த கார் காட்சிசாலை போன்ற இடங்களுக்கு மாணவர்கள் செல்லும்போது, காரின் முகப்பை மட்டும் பார்த்துத் திரும்பாமல், உள்ளே ஆசனத்தின் மடிப்பையும் தையலையும் நோக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். பழைய தோல் நிறம் மங்கி, வரியோடி, ஆனால் உறுதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றலாமா? மாற்றலாகாது என்பதே என் கருத்து. சிறு கிழிசலுக்கு அடியில் மெல்லிய ஒட்டு வைத்துப் பொருத்தலாம். அவ்வொட்டு பழைய தோலைவிட மென்மையாக இருக்க வேண்டும். இல்லையேல் இழுபடும்போது ஒட்டு நிற்கும், அதைச் சுற்றியுள்ள தோல் கிழியும். புதிய தோலை எந்த ஆண்டிலும் போட்டுக்கொள்ளலாம். காரோடு பிறந்த தோலை ஒருமுறை எறிந்துவிட்டால் எக்காலத்தும் திரும்பப் பெற இயலாது. பழுது பார்ப்பதில் முதல் அறிவு எதைத் தொடக்கூடாது என்று அறிவதே.

மாணவ நண்பர்களே, இவ்வேலையில் பௌதிகம் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, வடிவ கணிதம் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. எனினும் இதைச் செய்பவரை நாம் குஷன் கடைக்காரர் என்று ஒரு சொல்லால் கடந்துவிடுகிறோம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், நம் சிற்றூர்ப் பேருந்து நிலையங்களின் பக்கத்திலும், ஒரு தையல் இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் அவர்களிடம் உள்ள அறிவு பெரும்பாலும் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. கை பார்த்துக் கை கற்றது அது. வில் கட்டத் தெரிந்த கை ஓய்ந்து, அதன் அருகே கற்கும் இளங்கை ஒன்றும் இல்லாது போனால், ஆசனத்தோடு அறிவும் அழிந்துவிடும். கார்களைக் காட்சிசாலையில் வைத்துக் காக்கலாம். கைத்திறனை அப்படி வைத்துக் காக்க இயலாது. செய்துகொண்டே இருந்தால்தான் அது உயிர் வாழும்.

ஆகையால் விடுமுறை நாளொன்றில் உங்கள் ஊர்க் குஷன் கடைக்குச் செல்லுங்கள். பணிவோடு அனுமதி கேட்டு, ஓர் ஆசனம் பிரிக்கப்படுவதை முதலிலிருந்து முடிவு வரை பாருங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் வரைந்து, அடுக்குகளின் பெயர்களை அவர்கள் வழங்கும் சொற்களாலேயே எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு நாளை இத்தொழிலைக் கற்க வருபவருக்கு ஒரு பாடநூலாக அமையலாம்.