மறதியும் குருதிப் பரிசோதனையும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நேற்று மாலை விடுதி விறாந்தையில் எங்கள் பேச்சு முழுவதும் பெற்றோரின் மறதியைப் பற்றியே இருந்தது. "அக்கா, ரத்தத்தைச் சோதிச்சால் அல்சைமர் எண்டு தெரியுமாமே?" என்று ஒரு தங்கை கேட்டார். அதற்கு என் பதில் இது.

1906ஆம் ஆண்டில் ஜெர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், இறந்துபோன தம் நோயாளியின் மூளையை ஆராய்ந்தே இந்நோயின் அடையாளங்களை விவரித்தார். உயிருடன் இருப்பவரின் மூளையை அவ்வாறு வெட்டிப் பார்க்க முடியாது. ஆகவே ஆய்வாளர் குருதியை நாடினர். குருதிச் சிறுதட்டுகளில், மூளையில் படியும் அமிலோயிட்டின் மூலப்புரதம் உண்டு. நோயுற்றோரின் சிறுதட்டுகளில் அப்புரத வடிவங்களின் விகிதம் மாறியிருப்பதை 1990களில் கண்டனர். ஆயினும் அது அன்றாடப் பரிசோதனையாக வளரவில்லை. இன்று முன்னணியில் இருப்பது குருதித் திரவத்திலுள்ள டௌ, அமிலோயிட் புரதங்களை அளப்பதே. 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு அத்தகைய ஒரு பரிசோதனைக்கு அனுமதி வழங்கியது. அதுவும் அறிகுறியுள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே. அதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பயத்தில் அதைத் தேடி ஓட வேண்டாம்.

ஆனால் சாதாரணக் குருதிப் பரிசோதனையை அலட்சியம் செய்யாதீர்கள். என் அம்மாவுக்கு மறதி தொடங்கியபோது, வைத்தியரான நானே "வயது போனால் அப்பிடித்தான்" என்று ஒன்றரை வருடத்தைக் கடத்திவிட்டேன். பின்னர் பார்த்தபோது செங்குழியங்கள் வழமையைவிடப் பருத்திருந்தன. விற்றமின் பி12 மிகக் குறைவு. அது அல்சைமர் அன்று, மருந்துள்ள குறைபாடு. ஊசி போட்டபின் அம்மா தேறினார். ஆனால் முழுமையாக அல்ல. இழந்த அந்த மாதங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வும்கூட மறதியாகத் தோன்றலாம். எனவே சகோதரிகளே, தூரதேசத்திலிருந்து தொலைபேசியில் பேசும்போது அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சினக்காதீர்கள். சிரித்துக் கடக்கவும் வேண்டாம். ஊரிலுள்ளவர்களிடம் சொல்லி அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்சைமர்தான் என்று தெரிந்தாலும் அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல; முன்கூட்டியே தெரிந்தால் அவர் விருப்பத்தை அவரிடமே கேட்டறியலாம்.